முதுகில் தைத்த துணி

இங்கே ஐஸ் ஹாக்கி விளையாடும் பிள்ளைகளின் சட்டை முதுகில் ‘ஸ்டாப்’ என்று எழுதிய சிவப்புத் துணி ஒன்று இருக்கும். பின்னாலிருந்து வருபவன் அதைப் பார்த்து, இடிக்காமல் நிற்க வேண்டும் என்பதற்காக. என் மகன் ஆரூரனின் சட்டையில் அதை நான்தான் தைத்தேன். ஒரு ஆட்டத்தில் அவன் பின்னாலிருந்து இடித்து, ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் மோதவிட்ட எதிரணிப் பையன் ஈத்தன், கழுத்துக் காயத்துக்குக் கட்டிய பட்டியோடு விசாரணை மேசைக்கு எதிரே இருந்தான். விசாரித்த ஹாக்கிச் சங்கத்தார் மூவரும் வீடியோவை ஒன்பது தடவை ஓட்டினார்கள். இடி விழுவதற்கு எவ்வளவு நேரம் முன்பு ஈத்தன் முதுகைத் திருப்பினான் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஆரூரனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசி நொடியில் திரும்பியது ஈத்தனின் பிழை என்று முடித்தார்கள். என் கணவர் மூவருக்கும் கை கொடுத்தார். எனக்குக் கதிரையை விட்டு எழும்ப மனம் வரவில்லை.

கார் நிறுத்துமிடத்தில்தான் ஆரூரனிடம் கேட்டேன்.

“அவன்ர முதுகில இருந்த துணி உனக்குத் தெரிஞ்சதோ?”

“விடுமப்பா, அதுதான் முடிஞ்சுதே,” என்றார் கணவர்.

“தெரிஞ்சது அம்மா. வாசிச்சனான்,” என்று சொல்லிவிட்டு ஆரூரன் முன்னால் நடந்தான்.

பயிற்சிச் சட்டையைக் கழற்றாமலே வந்திருந்தான். உறைந்த தரை வழுக்கிற்று. அவனுக்குப் பின்னால் நடந்த என் கை, அவனைத் தள்ளுவதற்கு உயர்ந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். உள்ளங்கைக்கு ஒரு சாண் முன்னால் நான் தைத்த சிவப்புத் துணி இருந்தது. அதை நானும் வாசித்தேன். கை இறங்கவில்லை.