தண்ணீர் தொட்டுச் சொன்ன பெயர்

"சிசோமோ," என்றாள்.

"சிசோமோ," என்றார் அவர்.

சரியாகத்தான் சொன்னார். நிலக்கடலையை உடைத்துக்கொண்டே சொன்னார். நாலு கடலை உடைபடும்வரை பொறுத்திருந்து மறுபடி கேட்டாள்.

"பிள்ளைக்கு என்ன பேரு?"

அவர் கையிலிருந்த கடலைத்தோட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்தே மனுஷனுக்கு எல்லாவற்றிலும் ஒரு விளையாட்டு. இப்போது மறதியையும் அந்தச் சிரிப்பிலேயே ஒப்பேற்றிவிடுகிறார். அவள்தான் பெயரை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள்.

அது திங்கட்கிழமை. சபையில் ஒரு பெண்பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை.

அவர் ஓய்வுபெற்ற போதகர். எழுபத்தொரு வயது. தெற்கத்தி நாசரேத்திலிருந்து இருவரும் மலாவிக்கு ஊழியத்துக்கு வந்து இருபது மாதம் ஆகிறது. இந்தக் கிராமத்துச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. போதகர் தண்ணீரைத் தொட்டு எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதுதான் பிள்ளைக்குப் பெயர். தப்பாகச் சொன்னாலும் அதுதான். பிறகு மாற்றமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு சீட்டில் பெயரை எழுதி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் சீட்டு அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. எதற்கு என்று கேட்டாள். கண்ணாடி துடைக்க என்றார்.

புதன்கிழமை கேட்டபோதெல்லாம் சொன்னார். அன்றைக்கு அவள் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை தலைநகரிலுள்ள மிஷன் அலுவலகத்திலிருந்து எடிசன் போன் செய்தார். அவரும் நாசரேத்துப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறாராம். அவர்கள் இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருப்பதற்கான படிவத்தைக் கையோடு கொண்டுவருகிறாராம்.

வெள்ளிக்கிழமை மகன் பேசினான்.

"திரும்பி வந்தா அப்பா எங்கூட இருக்கட்டும்மா. நீ தங்கச்சிகூட இருந்துக்கோ. ஒருத்தருக்கே ரெண்டு பேருன்னா கஷ்டம்லா."

மகன் பெங்களூரில். மகள் சூரத்தில். பங்கு பிரித்தாகிவிட்டது. அவளும் சரிப்பா, சரிப்பா என்று கேட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு இப்படி என்று தெரிந்தால் அடுத்த வாரமே டிக்கெட் வந்துவிடும். அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலையில் காப்பியை வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும். ஞானஸ்நானக் கிண்ணத்தைப் புளி போட்டுத் துலக்க உட்கார்ந்தாள். மதியம்வரை துலக்கினாள்.

ஞாயிறு.

தகரக் கூரைக்குக் கீழே கோயில் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் எடிசன். பக்கத்தில் அவள். பிள்ளையின் தாய் எழுந்து போய்ப் பிள்ளையை நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். ஜெபம் தடையில்லாமல் வந்தது. நாற்பது வருஷப் பழக்கம், தானாக ஓடும். தண்ணீரில் கையை விட்டார்.

நின்றார்.

அவள் உதட்டை அசைத்தாள். சி. சோ. மோ.

அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் யாரோ இருமினார்கள். எடிசன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தங்கபுஷ்பம்," என்றார் அவர். பிள்ளையின் தலையில் தண்ணீரை விட்டார்.



அது அவள் பெயர். போதகரின் மனைவி என்பதால் ஊரில் எல்லாருக்கும் அவள் ஐயரம்மா. அவர் அவளைக் கூப்பிடுவது எப்போதும் 'இங்கேரு' என்றுதான். பாஸ்போர்ட்டிலும் மிஷன் படிவங்களிலும் மட்டும்தான் அந்தப் பெயர் இருந்தது. அவர் வாயால் அதைக் கேட்டது ஒரே ஒரு தரம், நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், தாலி கட்டுவதற்கு முந்தி, உடன்படிக்கை சொல்லும்போது.

தாய் ஒரு கணம் திகைத்தாள். பிறகு சொல்லிப் பார்த்தாள். தங்காபுசுபா. பின்வரிசைப் பெண்களும் சொல்லிப் பார்த்தார்கள். சிரித்தார்கள். குலவை போட்டார்கள்.

எடிசன் அவள் பக்கம் குனிந்தார்.

"பாத்தியளாம்மா. ஐயாவுக்கு உங்கமேல எம்புட்டுப் பிரியம்."

அவள் தலையாட்டினாள்.  சந்தோஷமாக இருந்தது, உள்ளபடியே சந்தோஷம். எது போனாலும் அவள் பெயர் போகவில்லை.

வீட்டுக்கு மக்காச்சோளக் கொல்லை வழியாகக் கால்மணி நேர நடை. எடிசன் முன்னால் போனார். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நல்ல பேரு," என்றார். "அந்நேரம் வாயில வந்துட்டு. யாரு பேரு அது?"

அவள் அவருடைய வாயோரத்தைப் பார்த்தாள். கேலி பேசும்போது அங்கே ஒரு குழி விழும்.

விழவில்லை.

வீட்டில் எடிசன் படிவத்தை மேசைமேல் விரித்தார். துணைவரின் உடல்நலம் என்று ஓர் இடம் இருந்தது. நன்று என்று எழுதினாள். யோசிக்கவில்லை. யோசித்தால் எழுத வராது.

கீழே கையெழுத்து. எப்போதும் ஒரு கிறுக்கலோடு முடித்துவிடுவாள். இன்று ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றாம் வகுப்புக்குப் பலகையில் எழுதிப்போடுவதுபோல், முழுப் பெயரையும் எழுதினாள்.

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் கண்ணாடிக் கூட்டிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். மாட்டிக்கொண்டார். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

எடிசன் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார்.

அவள் அவருடைய வாயோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.