இடது காலில் பிரேக்

பம்மல் ஒர்க்‌ஷாப்பில் பழைய புல்லட்டை விட்டுவிட்டு, தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோவில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள் ஜெரூஷா. கீறல் விழுந்த ஹெல்மெட் மடியில். அதன் இருபுறமும் அவள் கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்ததுபோல் இறுகியிருக்கின்றன. சாய்ந்த வெயில் முகத்தில் விழுந்து விழுந்து மறைகிறது. பக்கத்தில் கணவன் எபி, வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த புல்லட்டில் ஓடப்போகும் ரேஸ் டிராக்கை வளைவு வளைவாகக் காதோரம் சொல்லிக்கொண்டு வருகிறான். "நேர் ரோடு முடியுது. ரைட் வளைவு. பிரேக்!" அவள் வலது கால் ஆட்டோவின் தரையை மிதிக்கிறது. "அது கியர், ஜெரூ. நம்ம பழைய புல்லட்ல பிரேக் லெஃப்ட்ல." காலையில் பயிற்சியிலும் இதே வளைவில், இதே கால்தான் அவளைப் புல்லில் தள்ளியது. பிரேக் வலதில் இருக்கும் புது வண்டிகளில் பழகிய கால், சொன்ன பேச்சு கேட்பதில்லை. "முதல்லேர்ந்து சொல்லு." மறுபடியும் வலது கால். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே?" "சொல்லு, எபி." அந்த நேரம் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே பாய, டிரைவர் சடன் பிரேக் அடிக்கிறார். எல்லோரும் முன்னால் சரிகிறார்கள். "வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று லாரியைப் பார்த்துக் கத்துகிறார் டிரைவர். எபி குனிந்து பார்க்கிறான். ஜெரூஷாவின் இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. வலது கால் அசையவே இல்லை. கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்: "அடுத்த வளைவு?"