அதே கணக்கு

"நேத்து ஓட்டின அதே கணக்கை இன்னிக்கும் ஓட்டியிருக்கே. இந்த வாரம் பூரா இதேதான். விடை மாறப்போகுதா என்ன?"

பேராசிரியர் கேட்டதும் ஆய்வு மாணவி தலைகுனிந்துகொண்டாள்.

"சரிபார்க்கத்தான் சார்."

கல்லீரல் கட்டியைச் சூடான ஊசியால் கருக்கும்போது சுற்றியுள்ள திசு எவ்வளவு சூடாகும், ஓடும் ரத்தம் அதை எவ்வளவு தணிக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது அவள் ஆராய்ச்சி. திசுவைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் சூட்டைக் கணிக்க வேண்டும். கட்டம் பொடிசாக ஆக, கணக்கு இழுத்துக்கொண்டே போகும்.

"விடிஞ்சும் விடியாம வந்து இதை ஓட்டிவிட்டுட்டு, காபி குடிக்கப் போயிடுறியாம். கரண்ட் என்ன உங்கப்பா வீட்டுச் சொத்தா? இன்னொரு தடவை பார்த்தேன், மெஷினை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் டாக்டர் பட்டத்தை மறந்துடு."

"சரி சார்."

மறுநாள் பேராசிரியர் சீக்கிரமே வந்தார். மலையூர்க் குளிரில் கட்டடம் ஐஸ் மாதிரி கிடந்தது. அறைக்குள் யாரும் தனி ஹீட்டர் வைக்கக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவர் அவர்தான்.

உள்ளே கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. மாணவியைக் காணோம்.

கோபமாக நிறுத்தப் போனவர் அப்படியே நின்றார்.

மேசைக்குப் பின்னால் தரை துடைக்கும் அக்கா குந்தியிருந்தார். கணக்கு ஓட ஓட, பெட்டியின் விசிறி அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் வீங்கிய விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளி.

பேராசிரியரைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"ஒண்ணையும் தொடலை சார். பச்சைத் தண்ணியில கை வச்சா விரல் மடங்கவே மாட்டேங்குது. இந்தப் பெட்டி மட்டும் நான் வர்ற நேரத்துக்குச் சரியா கொதிச்சுக்கிட்டு இருக்கும். அதுக்கு என் மேல என்ன பாசமோ!"

சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வாசலில் காபி டம்ளரோடு மாணவி நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சார், நான் வந்து..."

"உன் கட்டமெல்லாம் ரொம்பப் பெரிசா இருக்கு. நாளையிலேருந்து பாதியாக்கி ஓட்டு."

"ரொம்ப நேரம் இழுக்குமே சார்."

"இழுக்கட்டும்" என்றார் பேராசிரியர். "விடையை நான் கேட்கப்போறதில்லை."