ஒட்டிப்பிறந்த கோடுகள்

இந்தக் கதையை நிருபர் ஆறு வருடமாக முழுசாக நம்பியதில்லை. எங்கே இடிக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நம்பாமலேயே ஒரு தடவை பத்திரிகையில் எழுதியும் விட்டார். அதுதான் அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

கதையைச் சொன்னவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். கொள்ளைநோய் காலத்தில் நகரத்துக்கு வந்த புதுக் கருவியைச் சோதித்து மதிப்பெண் போட்ட அதிகாரி.

அன்று மதியம் மச்சான் வீட்டில் விருந்து. அதே கருவியை நாடு முழுக்க வைக்கலாமா என்று முடிவு செய்யும் குழுவுக்கு அவரைத் தலைவராகப் போட்டிருந்தார்கள்.

"சாக்கடைத் தண்ணி பொய் சொல்லாது, மாப்பிள்ளை," என்று ஆரம்பித்தார் மச்சான்.

"சோத்துல கை வைக்கிற நேரத்துலதான் இவருக்குச் சாக்கடை ஞாபகம் வரும்," என்றாள் நிருபரின் மனைவி.

"நீ சும்மா இரும்மா. ஜனங்க காய்ச்சலை மறைப்பாங்க, இருமலை மறைப்பாங்க. கக்கூஸ் போறதை மறைக்க முடியுமா? தெருவுக்கு ஒரு பாட்டில் தண்ணி. அதைப் பார்த்துட்டு, அடுத்த வாரம் இந்தத் தெருவுல நோய் ஏறும்னு கருவி சொல்லிடும். ஆக்சிஜன், நர்ஸ் எல்லாம் முன்கூட்டியே போய் நிக்கும். அறுபது நாள் சோதனை. ஒரு தெரு ஒரே ஒரு நாள் விட்டுப்போனாலும் செல்லாது, மறுபடி முதல்லேருந்து."

"விட்டுப்போகலையே?"

"விடுவேனா? அறுபது நாளும் காலையில பல் விளக்கறதுக்கு முன்னாடி கருவியோட திரையைத்தான் பார்த்தேன். கருவிக்கு நூத்துக்குத் தொண்ணூத்தாறு போட்டேன். அந்தப் படுபாவி மட்டும் இல்லேன்னா நூறு!"

படுபாவி என்றது பாட்டில்காரரை. ரயில் பாதையோரக் குடியிருப்பிலும் அதன் பக்கத்துத் தெருவிலும் தண்ணீர் எடுக்க வேண்டியவர். அவர் பக்கத்துத் தெருக் குழியிலேயே இரண்டு பாட்டிலையும் நிரப்பிக் கொண்டுவந்தார். குடியிருப்பில் நோய் இல்லை என்றது கருவி. ஆக்சிஜன் போகவில்லை. முப்பத்தொரு பேர் செத்தார்கள்.

'ஒரு பாட்டிலில் முப்பத்தொரு உயிர்.' தலைப்பு நிருபர் வைத்தது. அவருக்குப் பாராட்டு வந்தது. பாட்டில்காரருக்கு வேலை போனது. அவர் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது.

"போன வாரம் அவரைப் பார்த்தேன், மச்சான்."

"யாரை?"

"பாட்டில்காரரை. ஒரு கிடங்கு வாசல்ல காவலுக்கு நிக்கிறார்."

"உமக்கு வேற வேலை இல்லையா? ஆறின புண்ணைப் போய்ச் சொறிஞ்சுக்கிட்டு!"

"எனக்கு ஆறலையே."

கிடங்கு வாசலில் நிருபரைப் பார்த்ததும் பாட்டில்காரர் சண்டைக்கு வரவில்லை. உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதுவே நிருபருக்குக் கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது.

"முதல் வாரம் குடியிருப்புக்கு ஒரு தடவை கருவி சிவப்பு காட்டுச்சு சார். உடனே தெரு முனையில தகரம் அடிச்சு மூடிட்டாங்க. பத்து நாள். யாரும் வேலைக்குப் போகலை, அடுப்பு எரியலை. தகரத்தை எடுத்த மறுநாள் நான் தண்ணி எடுக்கப் போறேன், ஒரு பொண்ணு கைக்குழந்தையோட சாக்கடை மூடி மேல உட்கார்ந்துட்டா. 'மறுபடி பூட்டப் போறீங்களா அண்ணே, எங்களை இப்பவே கொன்னுட்டுப் போங்க'ன்னா. அன்னிக்குப் பதினெட்டாம் நாள். நான் பக்கத்துத் தெருவுக்குப் போயிட்டேன்."

"மேல சொல்லியிருக்கலாமே?"

"பயம் சார். யாராவது கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொட்டியிருப்பேன். தினமும் எதிர்பார்த்தேன். யாரும் கேட்கலை. தப்பு என்னுதுதான். அந்தப் பொண்ணும் போயிட்டா. குழந்தை இருக்கு, எங்க வீட்டுல."

நிருபர் இதைச் சொல்லி முடித்தபோது யாரும் சாப்பிடவில்லை.

மச்சான்தான் முதலில் தேறினார்.

"பரிதாபம்தான். இல்லேங்கலை. ஆனா அவனுக்குத் திருட்டுத்தனம்கூட ஒழுங்கா வரலை மாப்பிள்ளை. நோய் இல்லாத தெருவானாலும் திரையில கோடு கொஞ்சம் நெளியும். தெருவுக்கு ஒரு நெளிவு, நம்ம கைரேகை மாதிரி. இவன் ரெண்டு பாட்டிலையும் ஒரே குழியில முக்கினானா? ரெண்டு கோடும் ஒட்டிப்பிறந்த பிள்ளைங்க மாதிரி ஒண்ணா நெளியுது! ஒரே நாள்ல பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்!"

எப்போதும் இந்த இடத்தில்தான் எல்லோரும் சிரிப்பார்கள். நிருபரும் ஆறு வருடம் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

மச்சான் இப்போதும் சிரிக்க ஆரம்பித்தார். எதிரே யாரும் சிரிக்காததைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

நிருபர் தட்டைத் தள்ளி வைத்தார். இத்தனை நாள் எங்கே இடித்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. கேட்காமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. மனைவி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், பதினெட்டாம் நாள்லேருந்து ரெண்டு கோடும் ஒண்ணு. முதல் சாவு முப்பதாம் நாள். நடுவுல பன்னெண்டு காலை, பல் விளக்கறதுக்கு முன்னாடி திரையைப் பார்த்திருக்கீங்க. ஒரு தெரு விட்டுப்போனாலும் மறுபடி முதல்லேருந்துன்னும் தெரியும். அந்த ஒட்டிப்பிறந்த பிள்ளைங்களை நீங்க முதல்ல பார்த்தது எந்தக் காலையில?"