பரிசோதகனின் முத்திரை

கிளிநொச்சியில் பத்தொன்பது வருடம் மிருக வைத்தியராக இருந்த ஆனந்தராசாவுக்கு, குடிபெயர்ந்து வந்த குளிர்நாட்டில் இறைச்சிக்கூடத்துத் தரை கழுவும் வேலைதான் கிடைத்தது. ஒருநாள், வெட்டிய மாட்டின் நுரையீரலில் காசநோய்க் கட்டிகள் இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். அன்றிலிருந்து அங்கிருந்த இளம் இறைச்சிப் பரிசோதகன் நாற்காலியை விட்டு எழுவதில்லை. ஒவ்வொரு மாட்டின் நுரையீரலையும் இவர் தடவிப் பார்ப்பார். நல்லதென்றால் தலையசைப்பார்; அவன் இறைச்சியில் முத்திரை குத்துவான்.

மூன்றாம் வருடம், தேநீர் இடைவேளையில் மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"இஞ்சாருங்கோ, கடிதம் வந்திட்டுது. உங்கட படிப்பு இங்க செல்லாதாம். இந்த நாட்டு மாடுகளைப் பார்த்த அனுபவம் இல்லையாம்."

"ஓம், சரி," என்றார்.

உள்ளே வந்து அடுத்த நுரையீரலைத் தடவினார். விரலுக்கடியில் கட்டிகள் கல்லாக உருண்டன. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பரிசோதகன் முத்திரையை ஓங்கியபடி அவர் முகத்தைப் பார்த்தான்.

ஆனந்தராசா தலையசைத்தார்.