இரைச்சல் பெட்டி கேட்ட பாட்டு

கம்ப்யூட்டர் கடையில் கறுப்பும் வெள்ளையுமாக, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டிகள் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் ஒரே பலம்தான். "என் விசிறி சுத்தினா தெருவே திரும்பிப் பார்க்கும்!" என்று கறுப்பு அடிக்கடி பீற்றிக்கொள்ளும்.

பாடகி தில்லைக்கரசி தன் பெரிய கம்ப்யூட்டரோடு வந்தாள். "நான் பதிவு செய்யுற பாட்டுல எல்லாம் இரைச்சல் விழுது, அண்ணே."

கடைக்காரர் கறுப்பை மாட்டினார். விசிறி இரைந்தது. மைக்கில் பாடிப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு வெள்ளையை மாட்டினார்.

"இது ஓடுதா, அண்ணே?"

"திரையைப் பாரும்மா!"

திரை பளிச்சென்றிருந்தது. அவள் பூரித்துப்போய்ப் பாடினாள்.

மேசையில் ஓய்ந்து கிடந்த கறுப்பு சொக்கிப்போனது. "என்ன குரல்! நான் ஓடினப்போ ஏன் பாடல?"

"அப்பவும் பாடினாங்களே," என்றது வெள்ளை.

"அப்படியா? ஐயோ, இன்னொரு தடவை பாடச் சொல்லேன்!"