சம்பல் போட்ட லைக்

படத்தைப் பார்த்ததும் லோஷினி கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மாசாய் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை. மதிய நேரக் கூட்டம். அவள் கைப்பேசியில் ஜொகூர் சிஸ்டம் அட்மின்களின் டெலிகிராம் குழு வழக்கம்போல் சளசளத்துக்கொண்டிருந்தது. யாருக்கோ பிரின்டர் மக்கர் செய்தது. திட்டிப் பார்த்தாயா, கும்பிட்டுப் பார்த்தாயா என்று இன்னொருவர் கேலி செய்தார்.

அதற்கு நடுவில் பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து அந்தக் கேள்வி.

“சர்வர் எழும்பல. டிஸ்க்ல இருக்கற பழைய அமைப்பை இம்போர்ட் பண்ணவா, கிளியர் பண்ணவான்னு கேக்குது. பேக்கப் இல்ல. எதை அழுத்துறது?”

கூடவே திரையைப் பிடித்த படம். அதன் மேல்மூலையில் சர்வரின் பெயர்: லங்சாட்.

அந்தப் பெயரை வைத்தவளே லோஷினிதான். பாசிர் கூடாங்கில் அவள் முன்பு வேலை பார்த்த சரக்குக் கிடங்கில் சர்வர்களுக்கெல்லாம் பழங்களின் பெயர் வைத்திருந்தாள். ரம்புத்தான், டுக்கு, லங்சாட்.

அங்கே மேனேஜர் ஜெயக்காந்தன். ஒருநாள் அவள் சாப்பிடப் போயிருந்தபோது அவள் இருக்கையில் உட்கார்ந்து, அவளது கணினிக் கணக்கிலேயே, சரக்குப் பதிவுகள் அத்தனையும் அழிந்துபோகும்படி எதையோ செய்துவைத்தார். திரும்பி வந்தவளை மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். அவர் தலை நிமிராமல், “லோஷினிதான்” என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் காவலர் கேட்டைத் திறந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு எந்த நேர்காணலுக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் அந்தக் கதை போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஒரு சின்ன மரச்சாமான் கம்பெனிதான் சேர்த்துக்கொண்டது.

அவள் இடத்துக்கு ஆளே எடுக்கவில்லை, ஜெயக்காந்தனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார் என்று பழைய தோழி யோகேஸ்வரி சொல்லியிருந்தாள்.

ஆகவே கேட்பது அவர்தான்.

பதில் அவளுக்குத் தெரியும். இம்போர்ட். அதை அழுத்தினால் எல்லாம் இருந்தபடி திரும்பி வந்துவிடும். கிளியர் செய்து புதிதாகக் கட்டினால் அத்தனையும் போய்விடும். அந்த ஒற்றைச் சொல்லைத் தட்டச்சும் செய்துவிட்டாள்.

அனுப்பவில்லை.

அதற்குள் பொந்தியான் ஊர்க்காரர் ஒருவர் முந்திக்கொண்டு தப்பான பதிலைப் போட்டார். “கிளியர் பண்ணிட்டுப் புதுசா கட்டு லா. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.”

உடனே அந்தப் பெயரில்லாதவர் கேட்டார். “சம்பல் அண்ணே, நீங்க சொல்லுங்க. செய்யலாமா?”

குழுவில் லோஷினியின் பெயர் சம்பல். ஆண் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சம்பல் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அங்கே பேச்சு.

தான் எழுதிய சொல்லை எழுத்து எழுத்தாக அழித்தாள். பொந்தியான்காரரின் பதிலை அழுத்திப் பிடித்து, அதன்மேல் ஒரு லைக் போட்டாள்.

அழியட்டும். இந்த முறை யாரைக் கைகாட்டுவார், பார்க்கலாம்.

தட்டை முன்னால் இழுத்து, ஆறிப்போன சோற்றை ருசித்துச் சாப்பிட்டாள்.

தண்ணீர் குடிக்கும்போது அதே கணக்கிலிருந்து தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. அவர் பதறுவதைக் கேட்கும் ஆசையில் காதில் வைத்தாள்.

இளம்பெண் ஒருத்தியின் குரல்.

“அண்ணே, நான் பிரவீனா. போன மாசம்தான் இங்க வேலைக்குச் சேர்ந்தேன். கிளியர் பண்ணச் சொல்லி சார்தான் காலையிலேர்ந்து நிக்கிறாரு. பயந்துபோய்தான் குரூப்ல கேட்டேன். நீங்க லைக் போட்டதும் அழுத்திட்டேன். இப்ப எல்லாம் காலி. நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுங்கிறாரு.”

லோஷினி எழுந்து கடைக்கு வெளியே வந்தாள். வெயிலில் நின்று கைப்பேசியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

“அண்ணே?”

“அண்ணன் இல்லம்மா, அக்கா. நான் போட்ட லைக் பொய். தெரிஞ்சேதான் போட்டேன். உங்க சார்தான் கேக்கறாருன்னு நினைச்சேன். திட்டணும்னா அப்புறம் திட்டு. புதுசா கட்டிட்டியா?”

“இன்னும் இல்லக்கா. சார் சாப்பிடப் போயிருக்காரு. வந்ததும் அவர் கண்ணு முன்னாடி கட்டணுமாம்.”

“தொடாத. மெஷினை ஆஃப் பண்ணு. கிளியர் மட்டும்தானே பண்ணியிருக்க, உள்ள இருக்கறது அழியல, எடுத்துடலாம். எதுலயும் சைன் போடாத.”

“சார் விட மாட்டாருக்கா. இன்னைக்கே முடிச்சாகணும்னு குதிக்கிறாரு. நாளைக்கு கோலாலம்பூர்லேர்ந்து ஆடிட்டுக்கு வர்றாங்க.”

லோஷினி அப்படியே நின்றுவிட்டாள்.

சாலையில் ஒரு தொழிற்சாலை பஸ் போனது.

அவள் வேலை போனதற்கு மறுநாளும் அங்கே ஆடிட் நடக்க வேண்டியிருந்தது. பார்க்கப் பதிவே இல்லை என்று வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கை தவறி அழித்துவிட்டு, பயத்தில் பழியை அவள் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் அவள் இத்தனை நாளாக அவரை வெறுத்துக்கொண்டிருந்தாள். கை தவறவே இல்லை; ஆடிட்காரர்கள் பார்க்கக் கூடாதென்றே அழித்திருக்கிறார்.

“அக்கா? இருக்கீங்களா?”

“இருக்கேன். ஆடிட்காரங்க இன்னைக்கே வந்துடுவாங்களா?”

“சாயங்காலம் வர்றாங்க. நான்தான் ரூம் போட்டேன்.”

“எந்த ஹோட்டல்?” என்றாள் லோஷினி.